ஆகாயம் பார்த்த குஞ்சு

என் வீட்டுக்காரி பந்தயப் புறா வளர்க்கிறாள். இதைச் சொன்னதும் கேட்கிறவர்கள் என்னைப் பரிதாபமாகப் பார்ப்பார்கள். எனக்கு எரிச்சலாக வரும். எத்தனையோ பெண்கள் குடிகாரப் புருஷனை வைத்துக்கொண்டு குடும்பம் நடத்துகிறார்கள். புறா வளர்க்கிற பெண்டாட்டியோடு நான் குடும்பம் நடத்தினால் என்ன குறைந்துவிடும்?

சீருடை தைக்கிற கம்பெனியில் அவள் துணி வெட்டுகிறவள். அறுபது அடுக்குத் துணியை மேசையில் விரித்து, ஒரே ஓட்டத்தில் அறுபது சட்டைக்கு முதுகு வெட்டி எடுப்பாள். கை ஒரு நூல் விலகினாலும் அறுபது சட்டை வீண். பதினெட்டு வருஷத்தில் விலகியதில்லை. நான் தண்ணீர் மீட்டர் கணக்கெடுக்கிறவன். நாள் முழுக்க வீடு வீடாகப் போய்க் குனிந்து தரையைப் பார்க்கிறேன். அவள் வேலை விட்டு வந்ததும் மாடிக்கு ஏறி ஆகாயத்தைப் பார்க்கிறாள். எங்களுக்கு ஜாதகம் பார்த்தவர் இதைத்தான் பொருத்தம் என்று சொன்னாரோ என்னவோ.

மாடியில் மூன்று அறை வைத்த கூண்டு. மெஷின் வந்து இறங்குகிற பலகைப் பெட்டிகளைக் கம்பெனியில் கேட்டு வாங்கி வந்து, அவளே அறுத்து, அவளே அடித்தது. ஆண்களுக்கு ஓர் அறை, பெண்களுக்கு ஓர் அறை, குஞ்சுகளுக்கு மூன்றாவது. ஒவ்வோர் அறைக்கும் முன்னால் புறா வந்து இறங்க ஒரு பலகை. அதற்குப் பின்னால் உள்பக்கம் மட்டும் திறக்கிற கம்பித் தட்டி. புறா தலையால் முட்டினால் உள்ளே போகலாம், வெளியே வர முடியாது.

விடிந்ததும் தரையைச் சுரண்டிக் கூட்டுவாள். கூட்டுகிறபோதே எச்சத்தைப் பார்த்து எந்தப் புறாவுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிடுவாள். குஞ்சு பொரித்த ஏழாம் நாள் காலில் வளையம் போட வேண்டும். முன்விரல் மூன்றையும் சேர்த்துப் பிடித்து வளையத்தை நுழைத்து, பின்விரலை மெல்ல இழுத்து எடுக்க வேண்டும். ஐந்தாம் நாள் போட்டால் கழன்று விழும், பத்தாம் நாள் போனால் ஏறாது. அந்த ஏழாம் நாளில் அவள் கையைப் பார்க்க வேண்டும். குஞ்சு ஒரு தடவை கண்ணைத் திறந்து மூடும், அவ்வளவுதான், வளையம் ஏறியிருக்கும். நான் ஒரு தரம் முயன்று பார்த்தேன். குஞ்சு என் மேல் எச்சம் போட்டது. அதற்கும் அவள் நீர் மாதிரி போச்சா, கெட்டியாகப் போச்சா என்றுதான் கேட்டாள்.

பிறகு பழக்கம். முதலில் ஐந்து கிலோமீட்டர், அப்புறம் பத்து, இருபது, நாற்பது என்று தூரத்தைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். கூடையை ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு போகிறவன் அடியேன். கூடையைத் திறந்தால் புறாக்கள் ஒரு வட்டம் போட்டுவிட்டுக் கிளம்பிவிடும். நான் சிக்னலில் நின்று, ரயில்வே கேட்டில் நின்று, வீடு வந்து சேரும்போது அதுகள் தண்ணீர் குடித்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருக்கும். ஒரு வாரம் கழித்து அவள் ஒவ்வொன்றின் சிறகையும் விசிறி போல விரித்துப் பார்த்து, "இதுக்கு நூறு கிலோமீட்டர் தாங்கும், இதுக்கு ஆகாது" என்பாள். அவள் சொல்லித் தப்பிப்போய் நான் பார்த்ததில்லை.

சங்கத்தில் இருபத்திரண்டு பேர். அவள் ஒருத்திதான் பெண். சின்னப் பந்தயங்களில் அவளை யாரும் அசைக்க முடியாது. ஆனால் வருஷக் கடைசியில் நடக்கிற பெரிய பந்தயம், நானூற்றி எண்பது கிலோமீட்டர், அதில் மட்டும் பதினோரு வருஷமாக இரண்டாவது, நான்காவது, ஆறாவது. "தையக்கார அம்மாவோட புறாவுக்கு முந்நூறு கிலோமீட்டர் வரைக்கும்தான் பெட்ரோல்" என்று பேக்கரிக்காரர் ஒருத்தர் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். அவள் தையக்காரி இல்லை, வெட்டுகிறவள் என்றுகூட அந்த ஆளுக்குத் தெரியாது. அந்தக் கோப்பை வேண்டும் என்று அவள் ஒரு நாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லாத ஆசைக்குத்தான் கனம் அதிகம் என்று எனக்குத் தெரியும்.

இந்த வருஷம் அதற்கு ஆள் இருந்தது. மேனேஜர் என்று நாங்கள் பெயர் வைத்த ஆண்புறா. மார்பை நிமிர்த்திக்கொண்டு, மற்றவை சாப்பிடுவதை மேற்பார்வை பார்த்துக்கொண்டே நடக்கும். வாரம் முழுக்க அதை ஜோடியிடமிருந்து பிரித்து வைப்பாள். கூடையில் ஏற்றுகிற அன்று கால்மணி நேரம் மட்டும் பெண்ணைக் கண்ணில் காட்டுவாள். அந்த நினைப்பிலேயே பறந்து வரும். "என்னையும் இப்படித்தானே நடத்துற?" என்று கேட்டேன். "உங்களை நானூறு கிலோமீட்டர் தள்ளி விட்டா வழி கேட்டுக்கிட்டு டீக்கடையில நிப்பீங்க" என்றாள்.

இனி அவள் தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். குளிர்சாதனப் பெட்டி ரிப்பேர் செய்கிறவன், நாற்பது வயது. எங்கள் வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டர் தள்ளி, ஒரு குடோனுக்குப் பக்கத்தில் மாடி வீடு. மூன்று வருஷத்துக்கு முன்பு அவன் பெண்டாட்டி பிரிந்து போய்விட்டாள். காரணம் அவனும் சொல்லவில்லை, அவளும் சொல்லவில்லை. அதன்பிறகு ஆறு மாதம் வேலைக்குப் போவான், வருவான், விளக்குப் போடாமல் உட்கார்ந்திருப்பான். இவள் ஒரு நாள் போய், "டேய், மாடி சும்மாதானே கெடக்கு, ரெண்டு குஞ்சு தர்றேன், வளத்துப் பாரு" என்றாள். அவன் வேண்டாம் என்றான். அவன் சொன்னதையெல்லாம் கேட்கிற அக்கா இல்லை இவள்.

புறாக்காரர்களுக்கு ஒரு சட்டம் உண்டு. ஆகாயம் பார்த்த குஞ்சை யாருக்கும் கொடுக்கக் கூடாது. கூண்டை விட்டு வெளியே வந்து, கூரைமேல் உட்கார்ந்து சுற்றிலும் ஒருமுறை பார்த்துவிட்டால், அதுதான் அந்தக் குஞ்சுக்கு வீடு. பத்து வருஷம் கழித்தும் அங்கேதான் வரும். அதனால் கொடுக்க நினைத்த இரண்டு குஞ்சுகளையும் அவள் மூன்றாவது அறையில் பூட்டியே வைத்திருந்தாள்.

அவை போவதற்கு முந்தின நாள் எனக்கு விடுமுறை. அவள் வேலைக்குப் போயிருந்தாள். கூண்டைக் கழுவி வைத்து நல்ல பெயர் வாங்கலாம் என்று எனக்கு ஓர் ஆசை. மூன்றாவது அறைத் தட்டியைத் தூக்கிக் கட்டிவிட்டு வாளியில் தண்ணீர் எடுக்கப் போனேன். வந்து பார்த்தால் ஒரு குஞ்சு கூரை மேல். கண்ணோரத்தில் வெள்ளைப் புள்ளி இருக்கும் பெண்குஞ்சு. தலையைச் சாய்த்துச் சாய்த்து நாலா திசையும் பார்த்தது. ஒரு வட்டம் பறந்து காட்டியது. இரண்டு மணி நேரம் தானிய டப்பாவைக் குலுக்கிக் குலுக்கி, கெஞ்சிக் கூத்தாடி, உள்ளே கொண்டுவந்தேன். அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் அந்தக் குஞ்சைக் கொடுக்க மாட்டாள், எனக்கும் ஒரு வாரத்துக்குப் பேச்சு இருக்காது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன்.

மறுநாள் குஞ்சுகள் தம்பி வீட்டுக்குப் போயின. ஒன்று சீக்கில் செத்துப்போனது. புள்ளி வைத்தது தங்கியது. அதற்கு மச்சக்காரி என்று பெயர் வைத்தான். முதல்முதலாக முப்பது கிலோமீட்டரில் விட்டு அது திரும்பி வந்த அன்று எங்கள் வீட்டுக்கு ஓடி வந்தான். "அக்கா, என் வீட்டைத் தேடி வந்துச்சுக்கா. அதுக்குக் கதவு தொறந்துதானே இருந்துச்சு, எங்க வேணா போயிருக்கலாம். தேடி வந்துச்சு" என்றான். கண் கலங்கியிருந்தது. இவளுக்கும் கலங்கியது. நான் காபி போடுகிற சாக்கில் அடுக்களைக்குள் நழுவினேன்.

இரண்டு வருஷம் ஒரு பிசகும் இல்லை. அது எல்லாப் பந்தயத்திலும் அவன் வீட்டுக்கே போனது. அவன் சவரம் செய்துகொள்ள ஆரம்பித்தான். மாடியில் செடி வைத்தான். சாயங்காலம் வேலைக்குக் கூப்பிட்டால், "இல்ல சார், வீட்டுல புறா இருக்கு" என்று சொல்லிவிட்டு வருவானாம். நானும் அந்த மத்தியானத்தை மறந்துபோனேன். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருட்டு.

பெரிய பந்தயத்துக்கு அவன் மச்சக்காரியை எழுதிக் கொடுத்தான். இவள் மேனேஜரை.

முந்தின நாள் சங்கத்தில் ஒவ்வொரு புறாவின் காலிலும் நம்பர் போட்ட ரப்பர் வளையம் மாட்டி, லாரியில் ஏற்றினார்கள். எல்லோர் கடிகாரத்தையும் செயலாளர் முத்திரை வைத்துக் கொடுத்தார். புறா தன் கூண்டுக்குள் போன பிறகுதான் அந்த ரப்பரைக் கழற்றிக் கடிகாரத்தில் போட்டுச் சாவி திருப்ப வேண்டும். கூரைமேல் உட்கார்ந்திருக்கிற புறா கணக்கில் வராது. அடுத்தவன் வீட்டுக் கூண்டுக்குள் போன புறாவும் கணக்கில் வராது.

மறுநாள் காலை ஆறு மணிக்கு அங்கே திறந்துவிட்டதாகத் தகவல் வந்தது. எதிர்காற்று, நல்ல வெயில். பன்னிரண்டரைக்கே நாங்கள் மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டோம். பந்தய நாளில் அவள் எப்போதும் போடுகிற பழைய நீலச் சட்டைதான். புதுத்துணி கண்டால் புறா இறங்காது. கூட்டத்தைப் பறக்கவைக்கிற சிவப்புத்துணிக் கொடியைக் காலையிலேயே சுருட்டிச் சுவரோரம் போட்டிருந்தாள். பழக்குகிற நாட்களில் அதை ஆட்டினால் புறாக்கள் பயந்துகொண்டு மேலேயே சுற்றும். பந்தய நாளில் அதைப் பைத்தியக்காரன்கூடத் தொடமாட்டான்.

பன்னிரண்டு ஐம்பது இருக்கும். "வருது" என்றாள்.

எனக்கு வெறும் வானம்தான் தெரிந்தது. சற்று நேரத்தில் ஒரு புள்ளி. அது சிறகை மடக்கிக் கல் விழுகிற மாதிரி இறங்கியது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. நானூற்றி எண்பது கிலோமீட்டர் எதிர்காற்றில் வந்த ஜீவன், எங்கள் பலகைமேல் ஓசையில்லாமல் கால் வைத்தது.

"நம்முது இல்ல" என்றாள் மெதுவாக. "மச்சக்காரி."

வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டு நின்றது. பிறகு முதல் அறையைத் தாண்டியது. இரண்டாவதைத் தாண்டியது. மூன்றாவது அறைத் தட்டியை மூக்கால் தட்டியது. அந்தத் தட்டி கொக்கி போட்டிருந்தது. மறுபடி தட்டியது.

இவள் அசையவில்லை. கண் மட்டும் என் பக்கம் திரும்பியது. "ஏங்க. இது இங்க வெளியில வந்திருக்கா?"

திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி நின்றேன். "ஒரு நாள்தான். ஒரு மத்தியானம்."

"எவ்வளவு நேரம்?"

"ரெண்டு மணி நேரம். ஒரு ரவுண்டு பறந்துச்சு."

"இத்தனை நாள் பந்தயமெல்லாம் வடக்கேருந்து. அவன் வீடு முன்னாடி வரும். இன்னைக்குத் தெற்கேருந்து வருது. களைச்சுப்போன நேரத்துல முதல்ல தெரிஞ்ச கூரை இதான்." அவள் என்னைத் திட்டவில்லை. கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். "தண்ணியப் பாத்திருச்சு. இப்ப பக்கத்து ரூம்ல முட்டி உள்ள போயிடும்."

"போனா போகட்டும். மேனேஜர் வர்ற நேரம். நீ அசையாத" என்றேன். தப்புச் செய்தவனுக்கு வாய் மட்டும் நீளமாக இருக்கும் என்பதற்கு நானே சாட்சி.

"உள்ள போனா, அது நம்ம வீட்டுப் புறா ஆயிடும். ரெண்டு வருஷம் கழிச்சு அதுவும் வேற வீட்டுக்குப் போயிருச்சுன்னு அவன்கிட்ட யாரு போய்ச் சொல்றது? நீங்க சொல்றீங்களா?"

அவள் சுவரோரம் போய்க் கொடியை எடுத்தாள். அப்போதுதான் நானும் பார்த்தேன். தெற்கே, கூரைகளுக்கு மேல், மார்பை நிமிர்த்திக்கொண்டு ஒரு புறா. அதை அடையாளம் தெரிய எனக்கே கண்ணாடி வேண்டியதில்லை. மேனேஜர்.

அவளும் பார்த்தாள். பார்க்காமல் இருப்பாளா? கொடிக்கம்பைப் பிடித்த கை ஒரு நொடி நின்றது. பதினோரு வருஷம் அந்த ஒரு நொடிக்குள் இருந்தது. பிறகு கம்பைத் தூக்கி, சிவப்புத் துணியை விரித்து, மச்சக்காரியின் தலைக்கு மேல் ஓங்கி ஆட்டினாள். அது அலறி எழும்பியது. இன்னொரு தடவை ஆட்டினாள். அது வடக்கே திரும்பியது. மேனேஜர் பாதியில் உதறிக்கொண்டு மேலே ஏறியது.

கொடியைச் சுருட்டிப் போட்டுவிட்டுத் மேனேஜர் கண்ணில் படாமல் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டாள். நான் டப்பாவைக் குலுக்கினேன். அவள் நாக்கை மடித்துச் சீட்டி அடித்தாள். மேனேஜரின் ஜோடியைக் கொண்டுவந்து கம்பி வழியே காட்டினோம். அது வட்டம் போட்டுக்கொண்டே இருந்தது. அதைக் குற்றம் சொல்ல முடியாது. சிவப்பு ஆடினால் இறங்காதே என்று அவள்தான் பழக்கியிருந்தாள். சொல்லிக் கொடுத்ததை அவ்வளவு சுத்தமாகச் செய்தது. பதினோரு நிமிஷம். கடைசியில் இறங்கி, தலையால் முட்டி, உள்ளே போனது. அவள் ரப்பர் வளையத்தைக் கழற்றிக் கடிகாரத்தில் போட்டுச் சாவி திருப்பினாள். அப்போதும் கை ஒரு நூல் விலகவில்லை. இருபது வருஷமாக இவளோடு குடும்பம் நடத்துகிறேன், இவ்வளவு பெரிய மனுஷி என்று எனக்குத் தெரியாமல் போய்விட்டதே என்று அழுகை வந்தது.

"அவன்கிட்ட இதைப் பத்தி ஒரு வார்த்தை பேசக் கூடாது" என்றாள். "என்கிட்ட நீங்க சொல்லாம விட்டது தனி. அதை வீட்டுல வச்சுக்கலாம்."

சாயங்காலம் சங்கத்தில் கடிகாரங்களைத் திறந்தார்கள். தூரத்தை நிமிஷத்தால் வகுத்து, செயலாளர் ஒவ்வொன்றாக வாசித்தார். மச்சக்காரி முதல். பேக்கரிக்காரர் இரண்டாவது. இவள் மூன்றாவது. அந்தப் பதினோரு நிமிஷத்தைக் கழித்துப் பார்த்தேன். கோப்பை எங்கள் வீட்டுக்கு வந்திருக்கும். பேக்கரிக்காரர் தன் பெட்ரோல் ஜோக்கை எடுத்து விட்டார். "ஆமாங்க, டேங்க் சின்னது" என்று இவளும் சேர்ந்து சிரித்தாள். தம்பி பெயரைக் கூப்பிட்டபோது அவள்தான் முதலில் கை தட்டினாள், கடைசியாக நிறுத்தியதும் அவள்தான்.

அவன் கோப்பையை வாங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான். வண்டி நிறுத்துகிற இடத்துக்கு எங்களோடு வந்தான்.

"அக்கா, பந்தயத்தன்னைக்கு யாராவது கொடி தூக்குவாங்களா?"

"காக்கா வந்துச்சுடா. துரத்தினேன்."

"நான் மாடியில பைனாகுலரோடதான் இருந்தேன். உன் வீட்டுப் பக்கம்தான் பாத்துக்கிட்டு இருந்தேன், மேனேஜர் வந்திருச்சான்னு. காக்கா எழும்பல. என் புறா எழும்புச்சு."

இவள் என்னைப் பார்த்தாள். இதற்கு மேல் நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் மனுஷனே இல்லை. "மாப்பிள்ளை, தப்பு என்னோடது" என்று அந்த மத்தியானத்தை முழுசாகச் சொன்னேன். வாளி, கூரை, ஒரு வட்டம், எல்லாம். சொல்லச் சொல்ல அவன் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல், என் வழக்கப்படி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவன் கொஞ்ச நேரம் கோப்பையின் விளிம்பைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"அப்போ அதுக்கு இன்னொரு வீடு தெரியும்" என்றான்.

"டேய், அது ஏதோ களைப்புல..." என்று இவள் தொடங்கினாள்.

"இருக்கா. சொல்லி முடிக்கிறேன். இத்தனை நாளா, பாவம், அதுக்கு வேற போக்கிடம் தெரியாது, அதான் என்கிட்ட வருதுன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். வெளியில சொல்லல, உள்ளுக்குள்ள அப்படித்தான் நெனச்சேன். நீ விரட்டினதும் அது எங்க வேணா எறங்கியிருக்கலாம். குடோன் கூரை பூரா புறா, கீழ கொட்டிக் கெடக்குற தானியம். எங்கயும் எறங்கல. ரெண்டே நிமிஷம். என் பலகைக்கு வந்து, தலையால முட்டிக்கிட்டு உள்ள வந்துச்சு. இன்னொரு வீடு தெரிஞ்சும் வந்திருக்குக்கா."

இவள் என் ஸ்கூட்டர் சீட்டில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு, போகிறவர் வருகிறவர் பார்க்க, வாய்விட்டு அழுதாள். தம்பி கோப்பையை என்னிடம் கொடுத்துவிட்டு அவள் தோளைப் பிடித்துக்கொண்டான். நான் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல், அவள் அழுது முடிக்கிறவரை நின்றுகொண்டிருந்தேன்.